அம்மாவின் மறதியும் ராத்திரியின் முதல் நாலு மணித்தியாலமும்

எங்கள் அம்மா நாற்பது வருடம் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். வேலையை விட்டு, ஈ.பி.எஃப். காசும் வாங்கி வீட்டோடு இருக்கத் தொடங்கிப் பதினான்கு வருடமாகிறது. ஆனாலும் நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்டுவதை இன்னும் நிறுத்தவில்லை. பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கு) யாரும் கூப்பிடப் போவதில்லை என்று சொன்னாலும் கேட்பதில்லை.

போன வருடம்தான் மறதி கண்ணில் படத் தொடங்கியது. கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று யோசித்துக்கொண்டு நின்றார், பிரஷர் மாத்திரையைப் போட்டாயிற்றா இல்லையா என்று குழம்பினார், பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) கல்யாணக் கதையை ஒரே சாயங்காலத்தில் இரண்டு தடவை சொன்னார். பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயசு போனால் அப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், ஆனால் இந்த மனுஷி ராத்திரியில் ஒழுங்காகத் தூங்குகிறாரா என்று யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் கேட்கவில்லை, அடுத்த காம்பராவில்தான் படுத்திருந்தேன்.

நான் டொக்டர் இல்லை. வாசித்து, கிளினிக்கில் கேட்டு, வீட்டில் செய்து பார்த்ததை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு அம்மாவோ அப்பாவோ அம்மாயியோ இருந்தால், அல்லது நீங்களே ஐம்பதைத் தாண்டியிருந்தால், உதவும்.

கூடையும் ஸ்டோரும்

செய்முறைக்கு முன்னால், தூக்கத்தில் மூளை என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சொல்வதெல்லாம் பாட்டி வைத்தியம் போலத் தோன்றும்.

ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது லேசு. பகலில் எடுக்கிற கொழுந்து கூடையில் சேரும், நிறுத்து லொறியில் ஏற்றுவார்கள், ஸ்டோரின் மேல்தட்டில் பரப்பி ராத்திரி முழுக்கக் காற்றில் வாட விடுவார்கள், அப்புறம்தான் ரோலர். கூடையிலேயே அமுக்கி விட்டுவிட்டால் சூடேறிச் சிவந்து போகும், அதை வைத்து நல்ல தூள் போட முடியாது.

மூளையிலும் ஒரு கூடை இருக்கிறது. காதுக்கு உள்பக்கமாக, இரண்டு புறமும் ஒவ்வொன்று, பெயர் ஹிப்போகேம்பஸ். இன்றைக்கு யார் வந்தார்கள், பணத்தை எங்கே வைத்தோம் என்பதெல்லாம் முதலில் அதில்தான் விழும். நீண்ட நாள் நிற்க வேண்டியவை மூளையின் வெளிப்பக்கப் புறணிக்கு மாற வேண்டும். அந்த லொறி பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் ஓடுகிறது.

தலையில் கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்னலையைப் பதிகிற ஈ.ஈ.ஜி. எடுத்தால் இது அலையாகத் தெரியும். ஆழ்ந்த தூக்கத்தில் புறணியின் நரம்புக் கலங்கள் கோடிக்கணக்கில் ஒன்றாக எழும்பி ஒன்றாக அடங்குகின்றன, செக்கனுக்கு ஒரு தடவை அல்லது அதைவிட மெதுவாக, உயரமான பெரிய அலையாக. அந்த அலை எழும்புகிற நேரத்தில் செக்கனுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து தடவை துடிக்கிற ஒரு சின்ன அதிர்வு வந்து போகிறது, அரை செக்கனோ இரண்டு செக்கனோதான் நிற்கும். நூல் சுற்றிய கதிர் மாதிரி நடுவில் பருத்து இரண்டு பக்கமும் ஒடுங்கித் தெரிவதால் அதற்கு ஸ்பிண்டில் என்று பெயர். அதே நேரத்தில் ஹிப்போகேம்பஸில் இன்னும் வேகமான ஒரு சிற்றலை. இந்த மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்தும்போது பகலில் நடந்தது மூளைக்குள் திரும்ப ஓடுகிறது. 1994-ல் வில்சனும் மெக்நாட்டனும் எலிகளில் இந்த மறுஓட்டத்தைக் காட்டினார்கள். எலி ஓடித் திரிந்தபோது எந்தெந்தக் கலங்கள் சேர்ந்து துடித்தனவோ, அதே கலங்கள் அது தூங்கும்போதும் சேர்ந்து துடித்தன.

வயசானால் என்ன ஆகிறது? நடுவயதிலேயே அந்தப் பெரிய அலையின் உயரம் குறையத் தொடங்குகிறது, ஸ்பிண்டில்களும் குறைகின்றன. 2013-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் இளையவர்களுக்கும் முதியவர்களுக்கும் சொற்சோடிகளைப் படிக்கக் கொடுத்து, தூங்க வைத்து, காலையில் கேட்டார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி எந்த அளவுக்கு மெலிந்திருந்ததோ அந்த அளவுக்கு மெதுவான அலைகளும் குறைந்திருந்தன, காலையில் நினைவில் நின்றதும் குறைந்திருந்தது. 2018-ல் அதே குழுவினர் இன்னொன்றைக் கண்டார்கள். முதியவர்களின் தூக்கத்தில் ஸ்பிண்டில் வருகிறது, ஆனால் அலையின் உச்சியோடு பொருந்தாமல் கொஞ்சம் முந்தி வந்துவிடுகிறது. லொறி வருவதற்கு முன்னமே சாக்கை ரோட்டில் இறக்கிப் போட்ட மாதிரி.

இதோடு மறதி வருத்தத்துக்கு, அதாவது டிமென்ஷியாவுக்கு, என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஆய்வில் 60 வயதைத் தாண்டிய 346 பேரின் தூக்கத்தைச் சில வருட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, அப்புறம் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஆழ்ந்த தூக்கம் வருடத்துக்கு 1 வீதம் குறைந்தால் டிமென்ஷியா ஆபத்து 27 வீதம் கூடியிருந்தது என்று 2023-ல் வெளியிட்டார்கள். பிரிட்டிஷ் அரச ஊழியர்கள் சுமார் 8,000 பேரை 25 வருடம் தொடர்ந்த ஆய்வில், ஐம்பதிலும் அறுபதிலும் எழுபதிலும் தொடர்ந்து ஆறு மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு ஆபத்து 30 வீதம் அதிகமாக இருந்தது.

இங்கே ஒரு நிமிஷம். இவை இரண்டும் சேர்ந்து நடப்பதைத்தான் காட்டுகின்றன. தூக்கம் கெட்டு மூளை கெடலாம், மூளை கெடத் தொடங்கியதால் தூக்கம் கெட்டிருக்கலாம், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கலாம். லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024-ல் டிமென்ஷியாவுக்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. பிரஷர், சீனி வருத்தம், கொழுப்பு, காது கேளாமை, பார்வைக் குறைவு, புகை, குடி, தனிமை என்று போகும் அந்தப் பட்டியலில் தூக்கம் இல்லை. ஆகவே நன்றாகத் தூங்கினால் போதும் என்று யாரும் கிளினிக் கொப்பியைத் தூக்கி மூலையில் போட வேண்டாம். முதலில் பிரஷர் மாத்திரை, அப்புறம்தான் நான் சொல்கிற கதை.

செய்முறைக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான். தூக்கம் ஏறக்குறைய தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது, ஆழ்ந்த பகுதி பெரும்பாலும் முதல் பாதியில் வருகிறது, கனவுத் தூக்கம் விடியப்புறத்தை ஒட்டிக் கூடுகிறது. எட்டு மணித்தியாலம் ஆயிற்றா என்று விரல் விட்டு எண்ணுவதை விட்டுவிட்டு, படுத்த முதல் நாலு மணித்தியாலம் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் ஒரு கலண்டர்

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு கிழமை எழுதி வையுங்கள். சுவரில் தொங்குகிற கலண்டரே போதும். லைட் அணைத்த நேரம், காலையில் எழும்பிய நேரம், ராத்திரி எத்தனை தடவை எழும்பினார், பகலில் எவ்வளவு நேரம் கண்ணயர்ந்தார், கடைசித் தேத்தண்ணி எத்தனை மணிக்கு. எல்லாம் காலையில் நினைவிலிருந்து தோராயமாக. ராத்திரியில் மணிக்கூட்டைப் பார்த்து எழுதச் சொல்லாதீர்கள், அதுவே தூக்கத்தைக் கெடுக்கும்.

அம்மாவின் கலண்டரில் ஒரு நாள் இப்படி இருந்தது: படுக்கை 8 மணி, எழும்பியது 4.30, ராத்திரி 4 தடவை வெளியே, மத்தியானம் டீவிக்கு முன்னால் 2 மணித்தியாலம், கடைசிப் பிளேன்டீ 7.45. பதினான்கு நாளும் ஏறக்குறைய இதேதான். அம்மாவுக்குத் தூக்கமே வருவதில்லை என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தோம், ஆனால் படுக்கையிலும் கதிரையிலுமாகப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கழித்திருக்கிறார். தூக்கம் குறைவு என்பதைவிட, துண்டு துண்டாகக் கிடந்தது என்பதுதான் சரி.

தேத்தண்ணி

தேயிலைக்கு நடுவில் வாழ்கிற ஆளிடம் தேத்தண்ணியைக் குறை என்று சொல்வது வம்பு. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்கிற ஒன்று சேர்ந்துகொண்டே வரும், அதுதான் தூக்கத்தின் பாரம். தேத்தண்ணியில் இருக்கிற கஃபீன், அந்த அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் முந்திக்கொண்டு உட்காரும். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும், சிலருக்கு இன்னும் கூட. எனக்கு எத்தனை குடித்தாலும் தூக்கம் வரும் என்பவர்களுக்கும், தூக்கம் வந்தாலும் அதன் ஆழம் குறையும்.

நாங்கள் கடைசிச் சாயத்தை, அதாவது தேத்தண்ணியை, மூன்று மணிக்கு நிறுத்தினோம். ஒரே நாளில் வெட்டாதீர்கள், தலையிடி வரும். கிழமைக்கு ஒரு மணித்தியாலமாக முன்னால் நகர்த்துங்கள். சாயங்காலக் குளிருக்குக் கையில் சூடாக ஒரு கோப்பை இருக்க வேண்டும் என்பதுதான் பாதி விஷயம், அதற்கு இஞ்சித் தண்ணியோ கொத்தமல்லித் தண்ணியோ போதும். அப்புறம் வெற்றிலை. வெறும் வெற்றிலை பாக்கோடு நிற்கிறதா, புகையிலையும் சேர்கிறதா என்று பாருங்கள். நிக்கொட்டினும் விழிக்க வைக்கிற சாமான்தான், படுக்கைக்கு முன் புகையிலை வேண்டாம். மற்ற நேரத்திலும் வேண்டாம்தான், அது வேறு சண்டை.

குளிரும் கால்களும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம், ஜனவரி ராத்திரிகளில் புல்லில் உறைபனி விழுகிற ஊர். நாங்கள் அதைவிடக் கீழேதான், இருந்தாலும் தகரக் கூரைக்குக் கீழே குளிர் குளிர்தான். தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும், அந்த வெப்பம் கை கால் வழியாகத்தான் வெளியேறும். கால் ஐஸ் மாதிரி இருந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பம் உள்ளேயே நிற்கும். கால் சூடாக இருப்பவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் பிடிக்கிறது என்று 1999-லேயே சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

படுக்கைக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் ஒரு பேசினில் கணுக்கால் மூழ்கும் அளவுக்கு இளஞ்சூட்டுத் தண்ணி, பத்துப் பதினைந்து நிமிடம், விரல் இடுக்கு வரை துடைத்து, கம்பளி மேஸ் போட்டு விடுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காலில் சூடு தெரியாமல் இருக்கும், அதனால் தண்ணியின் சூட்டை அவர் காலால் பார்க்கக் கூடாது, நீங்கள் முழங்கையை வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் செய்த மாற்றங்களில் அம்மா தானாகக் கேட்டு வாங்கிக்கொள்கிற ஒரே மாற்றம் இதுதான்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். குளிருக்காக அடுப்புத் தணலைச் சட்டியில் அள்ளி, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுக் காம்பராவுக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

வெளியே போகிற பிரச்சினை

லயத்தில் கக்கூஸ் வெளியில். மழை, படி, அட்டை, டோர்ச் வெளிச்சம். ஒரு தடவை போய் வந்தால் உடம்பு முழுக்கக் குளிர்ந்து, தூக்கம் கலைந்து, திரும்பப் பிடிக்க ஒரு மணித்தியாலம். நாலு தடவை போனால் முதல் நாலு மணித்தியாலம் என்று சொன்னதெல்லாம் எங்கே இருக்கும்?

சாயங்காலம் ஆறரைக்குப் பிறகு தண்ணியைக் குறைத்தோம், பகலில் கூட்டினோம். பகலெல்லாம் நின்றால் காலில் நீர் தேங்கும், படுத்தவுடன் அது திரும்பி இரத்தத்தில் சேர்ந்து ராத்திரியில் சிறுநீராக இறங்கும், அதனால் பின்னேரம் ஒரு மணித்தியாலம் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து உட்காரச் சொன்னோம். சிறுநீர் போக வைக்கிற மாத்திரையைச் சாயங்காலம் எடுத்தால் அதைக் காலைக்கு மாற்றலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். அப்புறம் கட்டில் ஓரத்தில் மூடியுள்ள ஒரு வாளி. அம்மா முதலில் சீ என்றார், ஒரு மழை ராத்திரியோடு சம்மதித்துவிட்டார். இப்போது ஒரு தடவை, எப்போதாவது இரண்டு.

இதையெல்லாம் செய்தும் குறையாவிட்டால் சீனியைச் சோதியுங்கள், ஆண்களென்றால் புரஸ்டேட்டும்.

பகலை ஒழுங்காக்காமல் ராத்திரி ஒழுங்காகாது

வயசானால் உடம்பின் மணிக்கூடு முன்னால் நகரும். ஏழரைக்கே கண் சொருகும், மூன்றரைக்கே முழிப்பு வரும். அது நோய் இல்லை. எட்டு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழும்புகிறவரிடம் ஏன் இவ்வளவு சீக்கிரம் எழும்புகிறாய் என்று சண்டை போட்டால் என்ன நியாயம்? எழும்பும் நேரத்தை நிலையாக வைத்து, படுக்கும் நேரத்தை மட்டும் ஒன்பது மணிக்குத் தள்ளினோம். அதற்குச் சாயங்காலம் வெளிச்சம் உதவும். வெயில் மிச்சம் இருக்கும்போதே ஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார வையுங்கள், ஏதாவது வேலை கொடுங்கள். மப்பும் மிஸ்ட்டுமாக இருந்தாலும் வெளி வெளிச்சம் காம்பரா பல்பைவிடப் பல மடங்கு அதிகம்.

பகல் தூக்கம் இருபது முப்பது நிமிடம், மூன்று மணிக்கு முன்னால், அதற்கு மேல் வேண்டாம். தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தால் படுக்கையை விட்டு எழும்பி, மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியமே இல்லாத ஒரு வேலையைச் செய்யச் சொல்லுங்கள். அம்மா வெள்ளைப்பூண்டு உரிக்கிறார். கண் சொக்கினால்தான் திரும்பப் படுக்கை. தூங்காமல் கட்டிலில் கிடந்து கவலைப்பட்டால், கட்டில் என்றாலே கவலை என்று மூளை பழகிவிடும்.

திருவிழா, கூத்து, சாவு வீடு என்று ஒரு ராத்திரி போனால் போகட்டும், அதற்கெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டாம்.

மாத்திரையும் போத்தலும்

இதைச் சொல்லாமல் விட முடியாது. ஆரம்பத்தில் டவுனில் ஒரு பாமசிக்குப் போய் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை என்று சொன்னேன். வயசு கூடக் கேட்காமல் தடிமனுக்குப் போடுகிற பிரிட்டன் (Piriton) மாத்திரையைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்கள். அம்மா தூங்கினார்தான். மறுநாள் காலையில் தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டு, கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வகை மாத்திரைகள் நினைவுக்கு வேண்டிய அசற்றைல்கோலினைத் தடுக்கின்றன, முதியவர்களுக்குக் குழப்பமும் விழுகையும் கொண்டுவரும். டயஸிபாம் வகைத் தூக்க மாத்திரைகளும் முதியவர்களுக்கு விழுகையைக் கூட்டும், அலையின் ஆழத்தையும் குறைக்கும். ஏற்கனவே பல மாதமாக எடுக்கிறவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது, அது இன்னும் ஆபத்து, டொக்டர் சொல்கிறபடி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

ஒரு கிளாஸ் போட்டால் நல்லா நித்திரை வரும் என்கிற ஐயாமாருக்கு: வரும், சீக்கிரமாகவே வரும். பின்பாதி ராத்திரி உடைந்து சிதறும், கனவுத் தூக்கம் குறையும், குறட்டை கூடும்.

குறட்டையைச் சிரித்துவிட்டு விடாதீர்கள்

அம்மா குறட்டை விடுவார் என்பது எங்கள் லயம் முழுக்கத் தெரிந்த பகிடி. ஒரு ராத்திரி போனில் பதிவு செய்து கேட்டேன். குறட்டை ஏறிக்கொண்டே வந்து சட்டென்று நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினாறில் ஒரு விக்கலோடு மூச்சு திரும்பியது. பத்து செக்கனுக்கு மேல் இப்படித் திரும்பத் திரும்ப மூச்சு நின்றால் அது தூக்க மூச்சுத்திணறலாக இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும், மூளை அரை முழிப்புக்கு வரும், ஆழ்ந்த அலை உடையும். ஆண்களுக்குத்தான் வரும் என்று நினைக்காதீர்கள், மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் கூடும். இதற்கு வைத்தியம் உண்டு. பதிவைப் போனிலேயே வைத்திருந்து டொக்டருக்குக் கேட்கக் கொடுங்கள், குறட்டை விடுவாங்க என்று வாயால் சொல்வதைவிட அது நன்றாக வேலை செய்யும். அதுவரை பக்கவாட்டில் படுக்க வையுங்கள்.

தூங்கும்போது மூளை அலையைப் பார்த்து ஒலி விடுகிற தலைப்பட்டி பற்றி வெளிநாட்டில் இருக்கிற தம்பி கேட்டான், ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று. 2013-ல் ஜெர்மனியில் ஒரு பரிசோதனை நடந்தது. தூங்குகிறவரின் ஈ.ஈ.ஜி.யைப் பார்த்துக்கொண்டே, மெதுவான அலை எழும்புகிற அதே கணத்தில் மெல்லிய ஒலியைக் காதில் விட்டார்கள், அலை பலப்பட்டது, மறுநாள் சொற்களும் அதிகமாக நினைவில் நின்றன. கணம் தவறாமல் விடுவதில்தான் விஷயமே. எட்டு மணித்தியால ஆழ்தூக்க இசை என்று போனில் ஓடுகிற வீடியோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைவிடத் தகரத்தில் விழுகிற மழை மேல், டேட்டாவும் போகாது. கைக்கடிகாரம் காட்டுகிற ஆழ்தூக்கக் கணக்கும் அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்துப் போடுகிற ஊகம்தான், மூளை அலையை அது பார்ப்பதில்லை. தம்பியை நல்ல கம்பளி ஒன்று அனுப்பச் சொன்னேன்.

எப்போது காத்திருக்கக் கூடாது

பெயர் மறந்து கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்தால் பயப்பட வேண்டாம். தெரிந்த குறுக்குப் பாதையில் வழி தவறினால், ரொட்டி சுடுகிற ஒழுங்கே மறந்தால், காசுக் கணக்கு குழம்பினால், குணம் மாறினால், தூக்கத்தை முதலில் சரிசெய்து பார்ப்போம் என்று மாதக்கணக்கில் இழுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அது மறதி வருத்தம் இல்லை, பெரும்பாலும் கிருமித்தொற்றோ மருந்தோ உப்புக் குறைவோ, அன்றைக்கே போக வேண்டும். வாய் கோணி, கை தொங்கினால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். தூக்கத்தில் கனவோடு சேர்ந்து உதைப்பது, கத்துவது, அடிப்பது என்று நடந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், பார்கின்ஸன் வகை நோய்களுக்குச் சில நேரம் அது முன்னறிவிப்பு. மனச் சோர்வும் மறதி மாதிரியே வேஷம் போடும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்குக் கூப்பிட்டுப் பேசலாம்.

இதையெல்லாம் அம்மாவுக்குச் செய்யத் தொடங்கி இப்போது நாலு மாதம் ஆகிறது. எழுபத்து நாலு வயது மூளை இருபதுக்குத் திரும்பவில்லை, கல்யாணக் கதை இன்னும் சில நாள் இரண்டு தடவை வருகிறது. மாத்திரைக் குழப்பம் போய்விட்டது, அதில் பாதிப் புண்ணியம் நான் வாங்கி வைத்த ஏழு அறை டப்பாவுக்கு. பகலில் முகத்தில் தெளிச்சி தெரிகிறது. குறட்டைக்கு அடுத்த மாதம் கிளினிக் திகதி கிடைத்திருக்கிறது. மூன்று மணிச் சாயத்தை மட்டும் நாலுக்கு மாற்றச் சொல்லித் தினமும் பேச்சுவார்த்தை, நான் மூன்றேகால் வரை இறங்கி வந்திருக்கிறேன்.